கன்று ஈனுமுன் கிழித்த கோடு

1

சென்ற கிழமை எங்கள் டவுன் சென்டரில் ஒரு ஹோட்டல் திறந்தார்கள். சாப்பாட்டு ஹோட்டல் அல்ல, படுத்து எழும்புகிற ஹோட்டல். அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும் உயரம். மேயர் தங்கச் சங்கிலியோடு வந்து நாடா வெட்டினார். வீதியின் எதிர்ப்பக்கத்தில், மழையில், ஒரே குடைக்குள் நின்ற இரண்டு தமிழர்கள் கை தட்டினார்கள். ஒருவர் நான். மற்றவர் கிருபாகரன், அதே சந்தியில் நெடுங்காலம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். வாசல் காவலாளி எங்களை ஐயத்தோடு பார்த்தார். அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு ஒரு கதவுப்பிடிகூடச் சொந்தமில்லை. அழைப்பும் இல்லை.

ஏன் கை தட்டினோம் என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு எழுதவேண்டும் போலிருந்தது. லண்டனிலிருந்து எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பனியைப் பற்றி எழுதுவார்கள். நான் வரியைப் பற்றி எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது அதுதான். ஊரில் நகரசபையில் வருமானப் பரிசோதகராக இருந்தேன். வீடு வீடாகச் சோலைவரி, அதாவது வீட்டுவரி, மதித்த காரணத்தால் சனம் எனக்கு வைத்த பெயரும் அதுவே. இங்கே வந்து, கவுன்சிலில் கடைகளுக்கு வரி போடும் பகுதியில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். எந்தக் கவுன்சில் என்று எழுதமாட்டேன். ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது. வால்தம்ஸ்டோவுக்கு ஒரே பஸ் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கிருபாகரன் எங்கள் ஊர். ஆகவே அவருக்கு நான் இன்றைக்கும் “சோலைவரி அண்ணை”தான்.

2

விஷயம் இதுதான். பழைய டவுன் சென்டரை இடித்துப் புதிதாகக் கட்ட கவுன்சில் நெடுநாளாகத் திட்டமிட்டது. கையில் காசு இல்லை. காசில்லாத கவுன்சில்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது. வட்டாரத்தைச் சுற்றி வரைபடத்தில் எல்லை போடுவது. ஒரு குறிப்பிட்ட நாளில் அந்த எல்லைக்குள் உள்ள கடைகளும் கந்தோர்களும் எவ்வளவு வரி கட்டுகின்றன என்று பார்த்து ஒரு கோடு கிழிப்பது. கோட்டுக்குக் கீழே உள்ள வரி முன்போலப் பொதுப் பெட்டிக்குப் போகும். அதன்பிறகு புதிய கட்டடங்களால் கோட்டுக்கு மேலே வளரும் வரி மட்டும், குறித்த வருடங்களுக்கு அந்த வட்டாரத்துக்கே. வளரப்போகும் அந்த வரியைக் காட்டி இன்றைக்குக் கடன் வாங்கலாம்.

கேட்க நன்றாக இருக்கும். இதன் உயிர் முழுவதும் கோடு கிழிக்கும் நாளில் இருக்கிறது. மிகவும் முந்திக் கிழித்தால் ஒன்றும் முளைக்காத வெறுங்காணியில் வருடங்கள் ஓடிப்போகும். பிந்திக் கிழித்தால் வளரவேண்டியது வளர்ந்து முடிந்து கோட்டுக்குக் கீழே போய்விடும். அந்த நாளையும் நினைத்தபடி வைக்க முடியாது. மத்திய அரசின் அமைச்சு ஒப்ப வேண்டும். கோடு விழுவது ஏப்ரல் முதலாந் திகதியில் மட்டும். இந்த ஏப்ரலைத் தவறவிட்டால் அடுத்த ஏப்ரல்.

நாள் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் லண்டனில் படிக்கவில்லை. எங்கள் நகரசபை ஒரு காலத்தில் கடன் எடுத்துப் புதுச் சந்தை கட்டியது. கட்டி முடித்தது சரியான நேரத்தில்தான். திறந்து வைக்க மந்திரி வரவேண்டும் என்று தவிசாளர் பிடிவாதமாக நின்றார். மந்திரிக்கு நேரம் கிடைக்கவில்லை. பூட்டிய சந்தையின் வாசலிலேயே சாக்கு விரித்து மீனும் மரக்கறியும் விற்றார்கள். உள்ளே வாடகை இல்லை, வரி இல்லை, கடனுக்கு மட்டும் வட்டி. திறப்புவிழாவை முதலில் எலிகள் நடத்தின. பிறகு, சண்டைக் காலத்தில், அந்தக் கட்டடத்துக்கு நேர்ந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் சிலர் அன்றைக்கு அதன் பக்கத்தில் நின்றவர்கள்.

3

போன குளிர்காலத்தில் ஒரு பின்னேரம் கறிவேப்பிலை வாங்கக் கிருபாவின் கடைக்குப் போனேன். அவருடைய கடை இருந்தது பழைய ஆர்கேட் ஒன்றுக்குள். ஒரு பக்கம் புடவைக்கடை, மறுபக்கம் நகைக்கடை, மூலையில் கைபேசி திருத்துகிறவர். பெரும்பாலும் எங்கள் ஆட்கள். திட்டத்தின்படி அந்த ஆர்கேட் இடிபடும். பதிலாகக் கட்டப்படும் கடைத்தொகுதியில் பழைய கடைக்காரர்களுக்குத் தாங்கக்கூடிய வாடகையில் இடம் என்று கவுன்சில் சொல்லியிருந்தது. அதைக் கட்டும் காசு, நான் மேலே சொன்ன வளரும் வரியிலிருந்து வரவேண்டும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு விண்ணப்பம் தொங்கியது.

“அண்ணை, உதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ” என்றார் கிருபா. “என்ரை மகள் எழுதினது. வடிவான இங்கிலிஷ்.”

வாசித்தேன். உண்மையில் வடிவான ஆங்கிலம். மகள் சிந்துஜா சட்டத்தரணி கந்தோர் ஒன்றில் பயிற்சியில் இருக்கிறாள். கவுன்சில் கமிட்டி இந்தத் திட்டத்தைத் தீர்மானிக்காமல் அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்க வேண்டும், பொதுமக்களிடம் கருத்துக் கேட்க மேலும் அவகாசம் வேண்டும் என்று மிகப் பணிவாகக் கேட்டிருந்தாள்.

“இதைக் குடுத்திட்டீரோ?”

“குடுத்தாச்சு. இது கூடுதல் கையெழுத்து. ஏன், என்ன பிழை?”

“ஒத்திவைச்சால் நீர் துலைஞ்சீர், கிருபா.”

அவர் அரிசிச் சாக்கின்மேல் கையை ஊன்றிச் சிரித்தார். “அண்ணை, நீங்கள் கவுன்சில் பென்சன்காரர். உங்களுக்கு அவை கெதியா முடிச்சால்தான் சந்தோசம். எனக்கு ஒரு தீபாவளி, ஒரு பொங்கல் யாவாரம் கூடக் கிடைச்சால் லாபம்.”

“உமக்கு ஒரு பொங்கல் கிடைக்கும். கடை கிடைக்காது.”

“கறியப்பிலை மட்டும் போதுமோ, முருங்கக்காயும் வேணுமோ?” என்றார். அன்றைய பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “இஞ்சருங்கோ, அவர் சொன்னதிலை என்ன பிழை? ஆரைக் கண்டாலும் சட்டம் வாசிச்சால் ஆர் நம்புவினம்?” என்றாள்.

4

கிருபாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் சனத்துக்குத் தாமதம் ஒரு குலதெய்வம்.

அவர் அகதியாக வந்திறங்கிய காலத்தில் ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழ் வழக்கறிஞர் அவருக்குச் சொன்ன முதல் புத்திமதி: “தம்பி, கேஸை வெல்லப் பார்க்காதையும். முடியாமல் பாரும். முடிஞ்சால் பிளேன், முடியாட்டில் வீடு.” அவர் சொன்னபடியே நடந்தது. கடிதம் வந்தால் அவகாசம் கேட்டார்கள். அவகாசம் முடிந்தால் மேன்முறையீடு. விசாரணைக்கு நாள் வைத்தால் மொழிபெயர்ப்பாளர் சரியில்லை என்று இன்னொரு நாள். அதற்கிடையில் கிருபா பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்தார், கல்யாணம் கட்டினார், சிந்துஜா பிறந்து பள்ளிக்கூடம் போனாள். ஒருநாள் அரசாங்கமே களைத்துப்போய் இருந்துவிட்டுப் போ என்று முத்திரை குத்தியது. அப்படி முத்திரை வாங்கிய ஒரு மனிதனிடம் போய் “சீக்கிரம் முடிப்பதுதான் உனக்கு நல்லது” என்று சொன்னால் அவன் என்னைத்தான் பைத்தியம் என்பான்.

சிந்துஜாவை பஸ் தரிப்பிடத்தில் கண்டு கேட்டேன். “அங்கிள், அரசாங்கக் கவர் வந்தால் டைம் கேள் என்று அப்பா சின்ன வயதிலிருந்தே சொல்லுவார்” என்றாள் ஆங்கிலத்தில். “அது எங்கள் வீட்டுச் சட்டம்.”

“இந்தச் சட்டத்தை ஆர் வாசிச்சது?” என்று கேட்டேன். நான் கேட்டது திட்ட அறிக்கையை. தன் தந்தைக்காக இரவிரவாக விண்ணப்பம் எழுதிய பிள்ளை, அறிக்கையின் பின்னிணைப்பைத் திறக்கவில்லை. பின்னிணைப்பை யாரும் திறப்பதில்லை. கவுன்சில்கள் முக்கியமானதை அங்கே வைப்பது அதனால்தான்.

அந்தப் பின்னிணைப்பில் இருந்தது ஹோட்டல். வட்டாரத்தின் விளிம்பில் தனியார் கம்பனி ஒன்று கட்டிக்கொண்டிருந்தது. எல்லைக்குள் வரப்போகும் வரியில் மிகப்பெரிய துண்டு அதுவே. வரும் ஏப்ரலில் கோடு கிழித்தால் ஹோட்டல் கோட்டுக்கு மேலே. அடுத்த ஏப்ரல் என்றால் அது கட்டி முடிந்து மதிப்பீட்டுப் பட்டியலில் ஏறிக் கோட்டுக்குக் கீழே. அதன் வரி முழுவதும் பொதுப் பெட்டிக்கு. கடைத்தொகுதி கடதாசியிலேயே இருக்கும். ஆனால் ஆர்கேட் இடிபடுவது நிற்காது. அதன் சொந்தக்காரர் அறிவித்தல் கொடுத்து எல்லாரையும் எழுப்பலாம் என்று ஒவ்வொரு குத்தகையிலும் எழுதியிருக்கிறது.

5

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர்களைக் கிருபாவின் கடைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில் கூட்டினேன். வந்தவர்களில் பாதிப்பேர் தேநீருக்காக வந்தார்கள். நான் கோடு, வரி, பட்டியல் என்று விளக்கினேன். புடவைக்கடை மலர் அக்கா கொட்டாவி விட்டார்.

“சோலைவரியார் ஊரிலை எங்கடை அப்பரிட்டையும் இப்பிடித்தான் விளங்கப்படுத்தினவர். பேந்து வரி கூடினது.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில்தான் சரியான வார்த்தை வந்தது.

“வாரத்துக்கு மாடு வளர்த்த ஆக்கள் ஆரும் இஞ்சை இருக்கிறியளோ?”

கிருபா நிமிர்ந்தார். ஊரில் அவருடைய வீட்டில் அதுதான் சீவியம் என்று எனக்குத் தெரியும். வாரம் என்றால் பங்கு: மாடு ஒருவருடையது, வளர்ப்பவர் வேறொருவர். மாட்டைக் கையில் கொடுத்த பிறகு ஈனும் கன்றில் வளர்ப்பவருக்குப் பங்கு. கொடுக்க முந்தியே ஈன்ற கன்று முழுவதும் சொந்தக்காரருக்கு.

“இப்ப இந்த டவுன் சென்டர்தான் மாடு. சொந்தக்காரன் அரசாங்கம். ஏப்ரல் முதலாந் திகதி மாட்டை எங்கடை கையிலை தாறன் எண்டு சொல்லுறான். நீங்கள் என்ன எழுதிக் குடுத்திருக்கிறியள்? இப்ப வேண்டாம், ஒரு வருசம் கழிச்சுத் தாங்கோ எண்டு.”

“அதுக்கென்ன? மாடு எங்கையும் போகாது” என்றார் மலர் அக்கா.

“மாடு போகாது அக்கா. கண்டுக்குட்டி போயிடும்.”

யாரும் சிரிக்கவில்லை. யாரும் நம்பியதாகவும் தெரியவில்லை. தேநீர் முடிந்ததும் கலைந்தார்கள். கிருபா மட்டும் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணை, உந்த ஹோட்டல் இந்த வருசத்துக்கை முடியும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? இந்த ஊரிலை ரோட்டிலை ஒரு குழி மூட மூண்டு வருசம்.”

“வாரும், காட்டுறன்.”

இருவரும் நடந்தோம். தூறல். ஹோட்டலைச் சுற்றிப் பலகை வேலி. ஞாயிறாக இருந்தும் வேலை நடந்தது. அதுவே ஒரு பதில். வேலிக்குள் ஒரு லொறி நின்றது. அதிலிருந்து பிளாஸ்டிக் சுற்றிய வெள்ளைக் குளியல் தொட்டிகளைக் கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தது. கீழ் மாடிகளில் யன்னல் கண்ணாடி முழுவதும் பூட்டியாகிவிட்டது. ஒரு மாடியில் யாரோ திரைச்சீலைகூடத் தொங்கவிட்டுப் பார்த்திருந்தார்கள்.

கிருபா குடையை என்னிடம் தந்துவிட்டு வேலி இடுக்கால் நெடுநேரம் பார்த்தார். ஒரு தொட்டி மேலே போய் உள்ளே மறைந்தது. அடுத்தது கிளம்பியது.

“மடி இறங்கீட்டுது” என்றார்.

மாடு ஈனும் நாள் நெருங்கினால் மடி கீழே இறங்கும். மாடு வளர்த்தவர்களுக்கு அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

திரும்பி வரும்போது ஆர்கேட் வாசலில் நின்றார். “விண்ணப்பத்தை வாபஸ் எடுத்தால் நான் கோடைக்கு முன்னம் கடையை விடவேணும். என்ன?”

“ஓம்.”

“புதுக் கடை கட்டுமட்டும் நான் என்ன செய்யிறது? சிந்து கடைப்பக்கம் வரமாட்டாள், அவளுக்கு வேறை வழி இருக்கு. எனக்கு இதைவிட ஒண்டும் தெரியாது.”

தற்காலிகக் கடை கேட்போம், கேட்டதைத் தீர்மானத்திலேயே எழுதுவிப்போம், எழுதாத வாக்கு இந்த நாட்டில் வாக்கல்ல என்று மட்டும் சொன்னேன்.

6

ஹவுன்ஸ்லோவில் இருக்கும் என் மகன் ஞாயிறுதோறும் பேசுவான். அன்றைக்கும் பேசினான். நான் நடந்ததைச் சொன்னேன். “அப்பா, யூ ஆர் ரிட்டயர்ட்” என்றான். பிறகு, அந்தக் கடைகளில் இப்போது யார் வாங்குகிறார்கள், எல்லாம் வீட்டுக்கே வருகிறதே என்றான். அவன் வீட்டுக்கு மாதமொருமுறை மிளகாய்த்தூள் போவது கிருபாவின் கடையிலிருந்து, என் கையால். அதை நான் சொல்லவில்லை. சொன்னால் மிளகாய்த்தூளும் வீட்டுக்கே வரத்தொடங்கிவிடும்.

7

விண்ணப்பத்தில் முதலாவதாகக் கையெழுத்திட்டவர்தான் அதை மீளப்பெறலாம். கமிட்டி அந்த விஷயத்தை எடுக்க முன்னர், நேரில் நின்று சொல்லவேண்டும். கவுன்சிலின் நிலையியல் கட்டளை, அதாவது கூட்ட விதி, அப்படி. இதைக் கிருபாவுக்கு மூன்று முறை சொன்னேன்.

கமிட்டி கூடிய மாலை நானும் சிந்துஜாவும் பார்வையாளர் வரிசையில் இருந்தோம். எங்கள் விஷயம் ஆறாவது. தலைவர் தொண்டையைச் செருமி, ஆறாவதை இரண்டாவதாக எடுக்க உத்தேசம் என்றார். கிருபா இன்னும் வரவில்லை. கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். ஓர் அரசாங்கத்தையே வருடக்கணக்காகக் காக்கவைத்த மனிதர் கவுன்சிலின் வாகனத் தரிப்பிடத்திடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

முதலாவது விஷயம் குப்பைத்தொட்டி மூடிகளின் நிறம். நல்லவேளையாக உறுப்பினர்களுக்கு அதில் ஆழ்ந்த கருத்துகள் இருந்தன. பச்சையா பழுப்பா என்று அவர்கள் மோதிக்கொண்ட கடைசி நிமிடத்தில் கிருபா மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

“ஒத்திவைக்கும்படி கேட்டவர் நீங்கள்தானே?” என்றார் தலைவர். ஒத்திவைக்க அவருக்கும் ஆசை. அரசியல்வாதிக்கு ஒத்திவைப்பதில் ஆபத்தில்லை.

சிந்துஜா எழுதிக்கொடுத்த தாள் கிருபாவின் கையில் இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு தன்னுடைய ஆங்கிலத்தில் பேசினார். தமிழில் அது இப்படி வரும்:

“ஐயா, இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் உங்கள் அரசாங்கத்திடம் நான் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன். பொறுங்கள், பொறுங்கள் என்று. எத்தனை கடிதம், எத்தனை நீதிமன்றம். பொறுத்தீர்கள். நன்றி. இன்றைக்கு முதல்தடவையாக வேறொன்று கேட்கிறேன். பொறுக்க வேண்டாம். விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கிறேன். ஏப்ரலிலேயே செய்யுங்கள்.”

“அப்படியானால் உங்கள் கடையை எப்போது விடவேண்டும் என்று தெரியுமா?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

“கோடைக்கு முன். தெரியும். அதனால் இன்னும் ஒன்று கேட்கிறேன். ஹோட்டல் தரும் வரியில் முதலில் எங்கள் கடைத்தொகுதியைக் கட்டுங்கள். பூந்தோட்டம், நீரூற்று எல்லாம் பிறகு. கட்டி முடியும்வரை எங்களுக்குக் கூரையுள்ள ஓர் இடம் தாருங்கள். இதையெல்லாம் வாயால் சொல்லவேண்டாம். எழுதுங்கள்.”

அந்த வசனத்தை நான் முன்னரே எழுதி, ஒரு பெண் உறுப்பினரிடம் கொடுத்திருந்தேன். அவர் எழுந்து அதைத் தீர்மானத்துக்கு ஒரு திருத்தமாக முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். ஆதரவு அதிகம், எதிர்ப்பு கொஞ்சம், ஒருவர் நித்திரை. நிறைவேறியது.

வெளியே வந்ததும் சிந்துஜா தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தான் எழுதியதை ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டாள். “வடிவாத்தான் இருந்தது பிள்ளை. ஆனா அதிலை ‘தயவுசெய்து’ கூடிப்போச்சு” என்றார் கிருபா.

மலர் அக்கா வீதியிலே காத்திருந்தார். “கடையைப் பூட்டச் சொல்லிக் கேட்டு வெண்ட ஆள் உலகத்திலை நீர் ஒருத்தர்தான் காணும்” என்றார். மறுநாள் அவரும் பெட்டிகள் வாங்கத் தொடங்கினார்.

8

ஏப்ரல் முதலாந் திகதி கோடு விழுந்தது. அன்றைக்கு ஹோட்டலைச் சுற்றிச் சாரக்கட்டு இன்னும் நின்றது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கோடைக்கு முன் ஆர்கேட் காலியானது. கிருபா கடைப் பெயர்ப்பலகையை எறிய விடாமல், பழைய துணி சுற்றி எங்கள் கராஜில் கொண்டுவந்து வைத்தார். என் மனைவி அதன்மேல் மிளகாய் காயவைக்கக்கூடாது என்று எனக்கு அவருடைய உத்தரவு.

இப்போது அவர்களுக்குக் கார் பார்க்குக்குப் பின்னால் தற்காலிகக் கடைகள். கப்பலில் சாமான் ஏற்றும் இரும்புப் பெட்டிகளுக்குக் கதவும் யன்னலும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வெயிலில் வேகும், குளிரில் விறைக்கும். வியாபாரம் பாதி. கிருபா மெலிந்துவிட்டார். நீரூற்றை முதலில் கட்டினால் வட்டாரம் கவர்ச்சியாக இருக்கும் என்று கவுன்சிலில் ஒருவர் ஏற்கெனவே குறிப்பு எழுதியிருக்கிறார். தீர்மானத்தின் பிரதியோடு நான் அவரைச் சந்தித்தேன். இப்போது அவர் என்னைக் கண்டால் லிஃப்டை விட்டுப் படியால் போகிறார். அடுத்த தளத்தில் நான் நிற்பேன்.

கடைத்தொகுதிக்கு அத்திவாரம் வெட்ட அடுத்த வருடம் என்கிறார்கள். அது எழும்பும்போது நான் இருக்கிறேனோ இல்லையோ, கிருபாவுக்கு உரிய கடையின் இலக்கம் எழுதப்பட்டிருக்கிறது. அழிக்க நினைப்பவர் கமிட்டியைத் திரும்பக் கூட்டவேண்டும். கூட்டினால் கதிரையில் முதலில் இருப்பது நாங்கள்.

நாடா வெட்டி முடிந்து மேயர் உள்ளே போனதும், ஹோட்டலின் யன்னல்களில் விளக்குகள் ஒவ்வொரு மாடியாக எரிந்தன. கிருபா எண்ணுகிறவர் போல அண்ணாந்து பார்த்தார்.

“மாடு கண்டு போட்டிட்டுது, அண்ணை.”

“ஓம். எங்கடை பட்டியிலை.”

“இனிப் பயமில்லையே?”

இருந்தது. சொல்லத்தான் வேண்டும். “மதிப்பீடு கூடிப்போச்செண்டு ஹோட்டல்காரன் மேன்முறையீடு செய்வான். எல்லா ஹோட்டலும் செய்யிறதுதான். தவணை கேப்பான், கடதாசி காணாது எண்டுவான், திரும்பத் தவணை கேப்பான். வரியை வருசக்கணக்கா இழுத்தடிக்கப் பாப்பான்.”

கிருபா குடையை மடக்கினார். மழை விட்டிருந்தது. ஹோட்டல் வாசலை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார், புதிதாகத் தொழிலுக்கு வந்தவனைப் பார்ப்பது போல.

“இழுக்கட்டும் அண்ணை” என்றார். “இழுக்கிற விளையாட்டிலை அவன் நேற்றுப் பிறந்த பிள்ளை.”